இலஞ்சி வீட்டு உறவுக் கோடுகள்

குற்றாலத்தில் துரியன் பழம் விற்பார்கள் என்று பினாங்கில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மெயினருவிக்குப் போகும் வழியில், சிப்ஸ் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் நடுவே, ஒரு கூடையில் நான்கைந்து முள்ளுருண்டைகள் உட்கார்ந்திருந்தன. எங்கள் ஊரில் துரியனைத் தெருவோரம் குந்தி உட்கார்ந்து, விரலெல்லாம் மணக்கத் தின்போம். இங்கே அதன் மேல் ஈரத்துணி போர்த்தி, மருந்துச் சரக்கு போல மரியாதையாக வைத்திருந்தார்கள். நான் துணியை விலக்கப் போனேன்.

"முள்ளு குத்தும், தொடாதிய" என்றார் கடைக்காரர். "பிள்ளை இல்லாதவங்க வாங்குத பழம்மா இது. உங்களுக்குக் கல்யாணமாகி எத்தன வருசமாச்சு?"

கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் துரியனைப் பழையபடி மூடிவிட்டு, மங்குஸ்தான் கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று காலைதான் தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி, ஆடி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த வருடம். எங்கள் ஊர் மழை ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். இங்கே அது மலையிலிருந்து காற்றோடு இறங்கி, முகத்தைத் துடைத்துவிட்டுப் போகிறது. தென்காசிக் கோயில் வாசலில் அந்தக் காற்று என் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. உச்சி இல்லாமல் பிளந்து நின்ற பெரிய கோபுரத்தடியில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பிடித்தார். "இங்கன குடையெல்லாம் நிக்காது தாயி, மடக்கிக் கக்கத்துல வச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். ஊருக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் நன்றி சொல்ல ஒருவர் கிடைத்துவிட்டார். பிறகு அங்கே இருந்த நாளெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

என்னை அழைத்தவள் சண்முகவடிவு. இங்கிலாந்தில் படிக்கும்போது இருவருக்கும் ஒரே விடுதி. அவள் சென்னையில் கணக்குப் பாடம் நடத்தப் போய்விட்டாள், நான் கோலாலம்பூரில் கணினிப் பாடம் நடத்த. அப்போது என் ஆராய்ச்சி தர்க்கத்தைப் பற்றியது. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தகவல்களைப் புள்ளிகளும் கோடுகளுமாக வைத்துக்கொண்டு, விதிகளைக் கொண்டு அவற்றிடம் கேள்வி கேட்பது. "புள்ளி ஆள், கோடு உறவு" என்று விளக்கியபோது வடிவு சிரித்தாள்.

"அப்ப நீ எங்க அண்ணி வீட்டுக்குத்தான் வரணும். இலஞ்சியில அவங்க எல்லாரும் எல்லாருக்கும் நாலு வழியில சொந்தம். உன் மிஷினு திணறிப் போகும்."

அப்படித்தான் வந்தேன். மறுநாள் காலை தென்காசியிலிருந்து இலஞ்சிக்குக் குதிரை வண்டியில் போனோம். ரோட்டின் இருபுறமும் தென்னந்தோப்பு, நடுநடுவே நெல் வயல். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி, நானும் நான் சுருட்டி வைத்திருந்த பெரிய சார்ட் தாள்களும் வண்டிக்காரர் முதுகில் விழுந்தோம். "பரவால்ல, குதிரை பழகிட்டு" என்றார் அவர்.

வடிவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து வடக்கே ஊர் ஊராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் தென்காசிக்குத் திரும்பினார். அதனால் இலஞ்சி வீடு அவர்களுக்குப் புது சம்பந்தம். வடிவின் அண்ணன் ஆறுமுகத்துக்கு அந்த வீட்டுப் பெண் கோமதியைக் கட்டி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கோமதி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து என் தாள்களை வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

அவளுடைய அப்பா சங்கரலிங்கம் மாமா வயலும் கோயில் பொறுப்புமாக இருந்தவர். வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அவருடைய மனைவி பாப்பா அத்தை அவருக்குச் சொந்த அக்காள் மகள். தம்பதியாக இருவரும் அருகருகே, மாமாவின் பெற்றோருக்கோ ஒருவர் மகன், ஒருவர் பேத்தி. தாளில் இதை வரைந்ததும் ஒரு முக்கோணம் வந்தது. கோமதி அதை ரசித்தாள்.

"அப்ப எங்க அப்பாவ நான் தாத்தான்னும் கூப்பிடலாமா?"

"ஒரு வழியில பார்த்தால் அம்மாவின் மாமா. கூப்பிடலாம்" என்றேன்.

"கேட்டியளா அப்பா!" என்று அவள் உள்ளே குரல் கொடுத்தாள்.

நான் செய்ததை எளிதாகச் சொல்கிறேன். 'சங்கரலிங்கம் கோமதியின் தந்தை' என்பது ஓர் உண்மை. 'தாயோடு பிறந்த ஆண் மாமன்' என்பது ஒரு விதி. உண்மைகளையும் விதிகளையும் கொடுத்துவிட்டால், நாம் கேட்கும் எதையும் இயந்திரம் அவற்றிலிருந்து நிறுவப் பார்க்கும். 'முன்னோர்' என்பதற்கு இரண்டு வரி போதும். பெற்றவர் முன்னோர், பெற்றவரின் முன்னோரும் முன்னோர். இரண்டாவது வரி தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் ஏறும். தமிழ் உறவுமுறை இதற்காகவே செய்தது போல இருக்கும். பெரியப்பா பிள்ளை அண்ணன், அத்தை பிள்ளை முறை மாப்பிள்ளை. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பெயர்.

மாமா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். மேலே அவருடைய பெற்றோர், இலஞ்சியின் மூத்த தம்பதி. கீழே அவர், அவருடைய அக்கா, அண்ணன். கடைசியில் அவர் சொன்னார்: "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. கோமதி, சிதம்பரம்." சிதம்பரம் கல்லூரி முடித்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் பாப்பா அத்தை சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்து, மேலே எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. எங்கள் ஊரிலும் எதற்கெடுத்தாலும் தேங்காய்ப்பால்தான், ஆனால் மிளகாயில் முக்கிவிடுவோம். இந்தக் குழம்பு வாயில் சத்தமே போடாமல் இறங்கியது. மூன்றாம் முறை சோறு கேட்டபோது அத்தை சிரித்தார். பேசியது குறைவு.

அடுத்த நாள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே சுக்குக் காப்பி குடித்து, ஈரத் தலையோடு தென்காசி வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தாள். "இலஞ்சியிலேருந்து ஆள் வந்துது. உங்க அண்ணிக்கு ரத்தப்போக்காம். கார் வச்சுத் திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருக்காங்க. உங்க அண்ணன் நேரே அங்கன போயிட்டாரு."

சாயங்கால வண்டி போய்விட்டது. காலை பாசஞ்சரில் போனோம். மரப்பலகை இருக்கையில் இடம் இல்லை. வடிவின் முகத்தைப் பார்த்து ஒரு வெற்றிலைக்கார அம்மாள் தன் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உக்காரு மக்கா" என்றார். என்ன ஏதென்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தப்போக்கு அப்போதைக்கு நின்றிருந்தது. கோமதி வெளுத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்து, "உங்க கோடெல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். டாக்டரம்மா எங்களை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மறைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும், மறுபடி ரத்தம் போகத் தொடங்கினால் காத்திருக்க நேரம் இருக்காது என்றார்.

"ரத்தம் ஏற்பாடு பண்ணாம நான் கத்தியத் தொட முடியாது. இவங்க ரத்தம் ஓ குரூப் மாதிரி காட்டுது. ஆனா எந்த ஓ ரத்தத்தோடயும் சேர மாட்டேங்குது. பம்பாய் வகைன்னு சொல்லுவோம். ரொம்ப அபூர்வம். பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் தந்தி குடுத்திருக்கோம். குடும்பத்துல யார்ட்டயாவது இருக்கணும்."

"உடன் பிறந்தவர்களிடம்?" என்றேன்.

"நாலுல ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தம்பிக்குப் பாத்தாச்சு, அவருக்கு பி. வேற யாரும் உண்டான்னு அப்பாட்ட கேட்டேன், இல்லைன்னுட்டார்."

இந்தக் குணம் அப்பா வழியாகவும் வர வேண்டும், அம்மா வழியாகவும் வர வேண்டும், இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் வெளிப்படும் என்று அவர் விளக்கினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை பைக்குள் சார்ட் தாளைத் தேடியது. ஆஸ்பத்திரி வராந்தாவின் தரையில் தாளை விரித்து, நான்கு மூலையிலும் செருப்பை வைத்தேன். இயந்திரம் கோலாலம்பூரில் குளிரூட்டிய அறையில் இருந்தது. விதி என் தலையில் இருந்தது. வடிவு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

கேள்வி இதுதான்: மூத்த தம்பதியிடம் போய்ச் சேரும் பாதை ஒன்று தந்தை வழியாகவும் இன்னொன்று தாய் வழியாகவும் யாருக்கு உண்டு? ஒவ்வொரு பெயராக எடுத்து, தந்தை கோட்டில் ஏறி, வந்த வழியே இறங்கி, தாய் கோட்டில் ஏறினோம். ஒரு பாதை மட்டும் இருந்தவர்களை வடிவு பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். மிஞ்சியவர்கள் கோமதி, சிதம்பரம், அச்சன்புதூரில் இரண்டு பையன்கள். மாமாவுடைய அண்ணன் மகனும் பாப்பா அத்தையின் தங்கையும் கட்டிப் பெற்ற பிள்ளைகள் அவர்கள். ஆறுமுகம் அண்ணன் உடனே கார் எடுத்துப் போய் இருவரையும் கூட்டி வந்தார். வயலில் நின்ற சேற்றுக் காலோடு வந்து கையை நீட்டினார்கள். இருவரும் ஏ.

அதோடு தாளில் பதில் தீர்ந்துவிட்டது. எங்கள் துறையில் இயந்திரம் 'இல்லை' என்று சொல்வதற்கு ஒரு விசேஷப் பொருள் உண்டு. உலகத்தில் இல்லை என்று அது சொல்வதில்லை. 'எனக்குச் சொல்லப்பட்டவற்றிலிருந்து நிறுவ முடியவில்லை' என்று சொல்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் பல தடவை இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று அந்த வராந்தாவில் தாளை மடிக்கும்போது எனக்கு அது நினைவில்லை.

மறுநாள் சிதம்பரம் அக்காவுக்குத் துணிமணி எடுக்க இலஞ்சிக்குக் கிளம்பினான். பாப்பா அத்தையும் முருகன் கோயிலில் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வருவதாக முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தார். வடிவுக்கும் எனக்கும் மாற்றுத் துணி வேண்டியிருந்ததால் மூவரும் ஒரே வண்டியில் ஏறினோம். அம்பாசமுத்திரத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. எதிர் வண்டிக்குக் காத்திருக்கிறது என்றார்கள். ஜன்னலில் கைமுறுக்குக் கூடை வந்தது. சிதம்பரம் ஒரு பொட்டலம் வாங்கினான்.

"நீங்க தின்னுங்க. இது சின்னக்காவுக்கு. முறுக்குன்னா அவளுக்கு உயிரு."

நான் முறுக்கைக் கடித்தேன். பிறகு கடிப்பதை நிறுத்தினேன்.

சின்னக்கா. ஓர் ஆளை அப்படிக் கூப்பிட வேண்டுமானால் இன்னொரு அக்கா, மூத்தவள் ஒருத்தி, எங்கேயோ இருக்க வேண்டும். பெரியப்பா மகளாக இருக்கலாம், பெரியம்மா மகளாக இருக்கலாம். தாளை மடியில் விரித்துப் பார்த்தேன். பெரியப்பா வீட்டில் ஒரு மகன்தான். பாப்பா அத்தைக்கு அக்காவே கிடையாது, தங்கைக்கு இரண்டு பையன்கள். அவன் சொன்ன சொல்லும் என் தாளும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது.

"சிதம்பரம், பெரியக்கா யாரு?"

அவன் வடிவைப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"அந்தப் பேரு எங்க வீட்டுல சொல்லப்படாதுக்கா. அதுவும் இவங்க முன்னால."

வடிவுக்குப் புரிந்துவிட்டது. "எனக்குத் தெரியக் கூடாதுன்னா? எங்க அண்ணனுக்கா? ஏலே சிதம்பரம், அங்க உங்க அக்கா உசிருக்குக் கெடக்கா. சொல்லுலே."

நான் டாக்டரம்மா சொன்னதை அவனுக்குச் சொன்னேன். தாய் தகப்பன் இருவரும் ஒன்றாக இருக்கும் உடன்பிறப்புக்குத்தான் எல்லோரையும்விட வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன். அவன் கையிலிருந்த பொட்டலம் நசுங்கியது. "அப்ப பெரியக்காட்ட இருக்குமா?" என்றான். "என் ரத்தத்த எடுத்தாங்க, எதுக்குன்னு ஒருத்தரும் வெவரமாச் சொல்லலையே."

இலஞ்சி வீட்டில் பாப்பா அத்தை அடுக்களையில் கோமதிக்காக வெந்தயக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை. "அத்தை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றேன்.

"மூணு" என்றார். கரண்டி நிற்கவில்லை. அப்புறம் நின்றது. வாசலில் வடிவு நிற்பதைப் பார்த்தார். பார்த்தபிறகும் மாற்றவில்லை. டாக்டரம்மா கேட்டதையும், வேறு பிள்ளைகள் இல்லை என்று மாமா சொன்னதையும் நான் சொன்னேன்.

"மூத்தவ காந்திமதி. சிவகிரியில இருக்கா. அவ வீட்டுக்காரரு சைக்கிள் கடை வச்சிருக்காரு. வேற ஆளுக. ஓடிப்போயிக் கட்டிக்கிட்டா. இவுக அன்னைக்கே தலை முழுகிட்டாக. கோமுவுக்குச் சம்பந்தம் பேசும்போது, மூத்தவள ஆரும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. டாக்டரு என்ன கேட்டாரு, இவுக என்ன சொன்னாகன்னு எனக்கு என்னம்மா தெரியும்? ரத்தம் மெட்ராஸ்லேருந்து வருதுன்னுதான் எங்கிட்ட சொன்னாக. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."

முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வடிவைப் பார்த்தார். "உங்க வீட்டுல மறைச்சுக் குடுத்துட்டோம். என்ன சொல்லணுமோ சொல்லு."

"எங்க அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள் வடிவு. "நீங்க விலாசம் சொல்லுங்க அத்தை."

வடிவையும் பினாங்கிலிருந்து வந்த என்னையும் தவிர அங்கே யாருக்கும் அன்று அழ நேரம் கிடைத்ததாக நினைவில்லை. அத்தை கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினார். சிதம்பரம் அதை வாங்கிக்கொண்டு திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஓடினான். நாங்கள் சிவகிரி பஸ்ஸுக்கு.

கடையநல்லூர் தாண்டி, புளியங்குடிக்கு முன்னால் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. எங்கள் ஊராக இருந்தால் நான் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இங்கே கண்டக்டர் என்னைவிடக் கவலையாக இருந்தார். வடிவு விஷயத்தைச் சொன்னதும் ரோட்டின் நடுவில் நின்று, எலுமிச்சை மூட்டை ஏற்றி வந்த ஒரு லாரியை மறித்தார். டிரைவர் கேட்டதெல்லாம், "பிரசவக் கேசா? ஏறுங்க" என்பதுதான். முன்னால் இடம் இல்லாததால் நாங்கள் இருவரும் மூட்டைகளின் மேல். இடப்பக்கம் மலை கூடவே வந்தது, சேலையெல்லாம் எலுமிச்சை மணம். அவர் புளியங்குடியோடு நிற்க வேண்டியவர். மண்டியில் மூட்டையை இறக்காமலே சிவகிரிவரை கொண்டு விட்டார். பெயரைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா, நேரமாவுது" என்று லாரியைத் திருப்பிவிட்டார்.

சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கோமதியின் முகம், பத்து வயது கூடி. வடிவுதான் பேசினாள். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக நின்றன.

"கோமுவுக்குக் கல்யாணம் ஆயிட்டுன்னு கேள்விப்பட்டேன். மாசமா இருக்கான்னு தெரியாது" என்றாள் காந்திமதி. தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துக்கொண்டே, "எங்க அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாகளா?" என்று கேட்டாள்.

"இல்லை. அவருக்குத் தெரியாது. நாங்களாகத்தான் வந்தோம்."

"அதுவும் நல்லதுதான். அவுக சொல்லி விட்டிருந்தா, போவமா வேண்டாமான்னு யோசிச்சிருப்பேன்." எழுந்தாள். "எம் பிள்ளை பிறந்தப்ப ரத்தம் பாத்தாங்க. ஓ குரூப்புன்னு சொன்னாங்க. ஆவுமா?"

ஓ என்று காட்டுவதுதான் அந்த வகையின் வேஷமும். ஆனால் வெறும் ஓ ஆகவும் இருக்கலாம். அதை அவளிடம் மறைக்கவில்லை. அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். கணவர் தேவராஜ் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வராந்தாவின் கோடியில் பெஞ்சில் சங்கரலிங்கம் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறுமுகம் அண்ணன். காந்திமதி எங்கள் நடுவில் நடந்து வந்தாள். மாமா எழுந்தார். அவர் ஏதாவது சொல்லுவார் என்று பயந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வெளியே போய், வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

வடிவு தன் அண்ணனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நேரே காந்திமதியிடம் வந்தார். "வாங்க மயினி. பஸ்ஸுல வந்தியளா? காப்பி குடிக்கலாமா, இல்ல டெஸ்டுக்கு முன்னால குடிக்கப்படாதா?" என்றார். மனைவியின் அக்காளை அந்தப் பக்கத்தில் மயினி என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவருக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். அவளைக் கூட்டி வந்தவள் நான்தானே.

பரிசோதனை அறைக் கதவு சாத்தியிருந்தது. டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். வடிவு என்னைக் கட்டிப்பிடித்த பிறகுதான், ரத்தம் சேர்ந்துவிட்டது என்று உறைத்தது.

காந்திமதி ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையக் கொடுத்தாள். இரண்டு இருந்தால் நல்லது, ஒன்று இருந்தால் துணிவேன் என்று டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். காலையில் மறுபடி ரத்தப்போக்கு தொடங்கியதும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பாப்பா அத்தை வந்து சேர்ந்திருந்தார். மூத்தவளின் கையை மடியில் வைத்து, ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "எளைச்சுட்டியேட்டி" என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

பெண் குழந்தை. குரல் கதவைத் தாண்டி வந்தது. கோமதி பிழைத்தாள். பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த பாட்டில் அதற்கும் மறுநாள்தான் வந்தது. அதையும் ஏற்றினார்கள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியது. அவள் கண் விழித்தபோது கட்டிலருகில் காந்திமதி நின்றிருந்தாள். கோமதி நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெரியக்கா, நீ எப்ப வந்த?" என்றாள், காலையில்தான் எங்கேயோ கடைக்குப் போனவளைக் கேட்பது போல.

மாமா அந்த நாளெல்லாம் மரத்தடிக்கும் பெஞ்சுக்குமாக இருந்தார். காந்திமதி இருக்கும் இடத்துக்கு வரவில்லை. வடிவு காப்பி கொண்டு போய்க் கொடுத்தபோது அவளிடம் சொன்னாராம்: "டாக்டரு கேட்டப்போ மாப்பிள்ளை பக்கத்துல நின்னாரு. வாய் தானா இல்லன்னுட்டு. இத்தன வருசமா சொல்லிச் சொல்லிப் பழகிட்டு. சொன்ன பொறகு அத எப்படித் திருப்பி எடுக்கதுன்னு தெரியல." நான் அவரை நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒருவர் தன் வாயால் அப்படிச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று அவர் காப்பியைக் குடிக்காமலே டம்ளரைத் திருப்பிக் கொடுத்ததில் தெரிந்தது.

மறுநாள் காந்திமதி ஊருக்குக் கிளம்பினாள். பிள்ளை தேடும், தைக்கக் கொடுத்தவர்கள் வந்து நிற்பார்கள் என்றாள். நானும் வடிவும் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனோம். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஆடி வெள்ளிக் கூட்டம். அவள் ஏற வேண்டிய ராஜபாளையம் பஸ் உள்ளே வளைந்து வரும்போதே ஜனம் அதன் கூடவே ஓடியது. எங்கள் ஊரில் வரிசையில் நின்று பழகிய நான் திகைத்துப் போனேன். ரத்தம் கொடுத்த உடம்பு, அவளால் நின்றுகொண்டு போக முடியாது. அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று வடிவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். எங்கள் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். சங்கரலிங்கம் மாமா ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு ஓடிக்கொண்டிருந்தார். அவர் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. ஓர் ஆள் இடித்தார், செருப்பு ஒன்று கழன்றது, நிற்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி, நகரும் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தார். அது ஜன்னலோர இருக்கையில் போய் விழுந்தது.

பஸ் நின்றதும் அந்த ஜன்னலுக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மகளைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் கையை நீட்டி, "எடம் போட்டிருக்கு. ஏறச் சொல்லுங்க" என்றார்.

காந்திமதி ஏறினாள். துண்டு கிடந்த இடத்தில் யாரோ உட்காரப் போக, கண்டக்டர், "துண்டு கெடக்கது தெரியலையா?" என்று விலக்கினார். அவள் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு உள்ளே அவள், வெளியே அவர். இருவருமே எதிரே இருந்த பழக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவில் திரும்பியது.

"மாமா, துண்ட வாங்கலையே!" என்றாள் வடிவு.

அவர் கழன்ற செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார். வெறுந்தோளைக் கையால் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இருக்கட்டும். பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது வருவால்லா, அவ கொண்டாருவா."